இரண்டு கம்பியும் ஒரு கணக்கும்

மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை வேண்டும், ஆனால் சோழர் பல்லவர் எல்லாம் வேண்டாம், நீ வேலை பார்த்த துறையின் சரித்திரத்தை எழுது என்று மலர்க் குழு நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். நான் வேலை பார்த்த துறைக்குப் பெயர் ப்ரொவிஷனிங். சொன்னால் வீட்டில்கூட யாருக்கும் புரியாது. "டெலிபோன் கம்பியில இன்டர்நெட் வந்துச்சே, அதில் ஒரு வேலை" என்று சொல்லித்தான் இத்தனை வருஷமும் தப்பித்து வந்திருக்கிறேன். இப்போது நம் கல்லூரி விடுதியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு அந்த விளக்கமும் உதவாது. அவர்களில் பலர் வீட்டில் டெலிபோன் கம்பியையே பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே கொஞ்சம் ஆதியிலிருந்து ஆரம்பிக்கிறேன். சீனியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் இ.சி.இ. ஆட்கள் டி.எஸ்.எல். கதையைச் சொன்னால் அது எப்போதும் ஒரு சிக்னல் கதையாகவே இருக்கும். நல்ல கதைதான், மறுக்கவில்லை. டெலிபோனில் பேசுவதற்கு 4 கிலோஹெர்ட்ஸ் போதும். தாமிரக் கம்பியோ அதற்கு மேலும் பல நூறு கிலோஹெர்ட்ஸ் வரை சுமக்கும். தூரம் கூடக்கூட சிக்னல் தேய்ந்துபோகும், அவ்வளவுதான். அமெரிக்காவில் 1984-ல் ஏ.டி. அண்ட் டி. சாம்ராஜ்யம் உடைக்கப்பட்டபோது, பிரிந்துபோன வட்டாரக் கம்பெனிகளெல்லாம் சேர்ந்து தங்களுக்குப் பொதுவாக ஓர் ஆராய்ச்சி நிறுவனம் வைத்துக்கொண்டன. அதற்குப் பெயர் பெல்கோர். அங்கே இருந்த ஜோசப் லெக்லைடர் என்பவர் 1980களின் பிற்பகுதியில் ஒரு விஷயத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரே கேபிளுக்குள் நூற்றுக்கணக்கான ஜோடிகள் நெருக்கியடித்துக் கிடப்பதால் ஒன்றின் பேச்சு மற்றதில் கேட்கும். போவதையும் வருவதையும் சம வேகத்தில் வைத்தால் இந்தத் தொல்லை அதிகம். வீட்டுக்கு வருவதை அதிகமாகவும், வீட்டிலிருந்து போவதைக் குறைவாகவும் வைத்தால் மொத்தத்தில் நிறைய அனுப்பலாம். ஏ.டி.எஸ்.எல்.-இல் முன்னால் நிற்கும் அந்த 'ஏ' அவர் போட்டது.

அதை மோடமாக்கிக் காட்டியவர் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் சியோஃபி. 1991-ல் அமாட்டி என்று ஒரு சின்னக் கம்பெனி ஆரம்பித்தார். கம்பியின் அலைவரிசையை 4.3125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 256 கூறுகளாக வெட்டி, எந்தக் கூறில் சத்தம் குறைவோ அதில் அதிக பிட், எதில் இரைச்சலோ அதில் குறைவாக, என்று பங்கு போடுவது அவருடைய முறை. 1993-ல் பெல்கோர் ஆய்வுக்கூடத்தில் போட்டி முறைகளோடு நேருக்கு நேர் வைத்துச் சோதித்தார்கள். சியோஃபியின் முறை ஜெயித்தது. 1995-ல் அமெரிக்கத் தரநிர்ணயமாகவும், 1999-ல் ஐ.டி.யு.வின் சர்வதேசத் தரமாகவும் ஆனது. அப்போதைய நோக்கம் இன்டர்நெட்கூட அல்ல. டெலிபோன் கம்பியில் சினிமா காட்டுவது!

சிக்னல் கதை இத்தோடு சரி. இரண்டு மோடமும் ஒன்றையொன்று பார்த்த மாத்திரத்தில் எத்தனை பிட், எவ்வளவு வேகம் என்று தாமே பேரம் பேசி முடித்துக்கொள்ளும். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவை தாமாகக் கண்டுபிடிக்க மாட்டா. இந்தக் கம்பி யாருடையது? இது எந்தத் தெருவுக்குப் போகிறது? இவர் பணம் கட்டியது எந்தத் திட்டத்துக்கு? இதை யாராவது சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன்னால் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால் டி.எஸ்.எல்.-இன் உண்மையான சரித்திரம் இங்கேதான் ஆரம்பிக்கிறது என்பேன்.

வேடிக்கை என்னவென்றால் அந்தக் கணக்கை வைத்திருந்தவர்களும் அதே பெல்கோர்காரர்கள்தான். பெல் காலத்திலேயே, 1970களில், டிர்க்ஸ் என்று ஒரு மாபெரும் மெயின்ஃப்ரேம் கணக்கேடு எழுதப்பட்டிருந்தது. எக்ஸ்சேஞ்சுகளுக்கு நடுவே ஓடும் ட்ரங்க் லைன்களையும் அவற்றின் சாதனங்களையும் அது நினைவில் வைத்துக்கொள்ளும். வீடுகளுக்குப் போகும் ஜோடிகளுக்கு எல்.எஃபாக்ஸ் என்று தனியாக இன்னொன்று. இந்த வாடிக்கையாளருக்கு இந்தக் கேபிளில் இத்தனையாவது ஜோடி என்று ஒதுக்குவது அதன் வேலை. மோடம் கண்டுபிடித்தவர்களுக்குப் பரிசுகள் கிடைத்தன. லெக்லைடரின் பெயர் 2013-ல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் கூடத்திலேயே ஏறிவிட்டது. இந்தக் கணக்குப்பிள்ளைகளின் பெயர் ஒன்றாவது உங்களுக்குத் தெரியுமா? இருபது வருஷம் அந்தப் பக்கம் இருந்த எனக்கே தெரியாது.

சரி, கணக்கு என்று எதைச் சொல்கிறேன்? ஒரு எக்ஸ்சேஞ்சுக்குள் போவோம். எம்.டி.எஃப். என்பது ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் இரும்புச் சட்டம். தெருவிலிருந்து வரும் ஜோடிகளெல்லாம் ஒரு பக்கம். எக்ஸ்சேஞ்ச் மெஷினின் நம்பர்கள் மறுபக்கம். இரண்டையும் இணைப்பது ஜம்பர் என்கிற சாதாரண முறுக்குக் கம்பி. டி.எஸ்.எல். வந்தபோது அந்த வழியின் நடுவில் டிஸ்லாம் என்ற பெட்டி நுழைந்தது. தெருவிலிருந்து வரும் ஜோடியை முதலில் டிஸ்லாமின் ஸ்ப்ளிட்டருக்குக் கொண்டுபோக ஒரு ஜம்பர். அங்கே பேச்சும் டேட்டாவும் பிரிந்தபின், பேச்சை எக்ஸ்சேஞ்ச் மெஷினுக்குத் திருப்பிக்கொண்டு வர இன்னொரு ஜம்பர். ஆக ஒரு ஜம்பர் இருந்த இடத்தில் இரண்டு. கம்பி வேலை அவ்வளவுதான். இனிமேல்தான் கணக்கு.

டிஸ்லாமில் அந்த போர்ட்டைத் திறக்க வேண்டும். அதிகபட்ச வேகம் என்ன, குறைந்தபட்சம் என்ன, இரைச்சலுக்கு எத்தனை டெசிபல் இடம் விடுவது (வழக்கமாக 6), பிழை திருத்தத்துக்காக டேட்டாவைக் கலைத்து அடுக்குவதா வேண்டாமா, இதெல்லாம் சொல்ல வேண்டும். பிறகு அந்தக் காலத்து ஏ.டி.எம். முறையில் வி.பி.ஐ., வி.சி.ஐ. என்று இரண்டு எண்கள். 0, 35 என்று மோடத்தில் போட்ட ஞாபகம் 2005 வாக்கில் வீட்டில் இணைப்பு வாங்கியவர்களுக்கு இருக்கும். வீட்டுப் பக்கம் எல்லாருக்கும் அதே 0, 35தான். டிஸ்லாமின் மறுபக்கம் ஒவ்வொருவருக்கும் தனித்தனி எண். அதை வழியிலுள்ள ஸ்விட்சுகளிலெல்லாம் கோத்து, பிராஸ் என்ற பெரிய சாதனம் வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பிராஸ், ரேடியஸ் சர்வரைக் கேட்கும்: இந்தப் பெயர், இந்த பாஸ்வேர்டு, உள்ளே விடலாமா? அங்கேயும் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். கடைசியாக பில்லிங்குக்குத் தகவல். ஒரு வீட்டுக்கு ஆறேழு இடத்தில் எழுத்து. ஒன்று மாறினாலும் மோடத்தில் விளக்கு எரியும், இன்டர்நெட் வராது. சில சமயம் விளக்கே எரியாது.

கையால் செய்தால் ஓர் இணைப்புக்குக் கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 480 போர்ட் டிஸ்லாம் ஒன்றை நிரப்ப 120 மணி நேரம். ஓர் ஆளுக்கு மூன்று வாரம். ஊர் ஊராக டிஸ்லாம் வைத்தால் என்ன கதி? இதற்காகத்தான் ப்ரொவிஷனிங் ஸிஸ்டம். கவுன்ட்டரில் விண்ணப்பத்தை ஏற்றினால், காலியான போர்ட்டை அதுவே ஒதுக்கி, அத்தனை சாதனத்திலும் அதுவே எழுதி, ஜம்பர் போடும் ஆளுக்கு ஒரு சீட்டு அச்சடித்துக் கொடுத்துவிட வேண்டும். மனிதக் கை ஜம்பரில் மட்டும் பட்டால் போதும்.

இதில் நான் மிகவும் ரசித்த விஷயம் ப்ரொஃபைல் என்பது. 1999 ஆகஸ்டில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 2662 அதைத் தெளிவாக எழுதி வைத்தது. ஒவ்வொரு போர்ட்டுக்கும் பத்து இருபது அளவுகளைத் தனித்தனியாக எழுதாதே; அவற்றை ஒரு பெயரின் கீழ் ஒரு தடவை எழுதி வை; போர்ட்டில் அந்தப் பெயரை மட்டும் குறிப்பிடு. ரொம்பச் சின்ன யோசனைதான். ஆனால் ஓர் ஊரின் வேகத்தையே மாற்ற வேண்டிய நாள் வரும்போது இதன் அருமை தெரியும். ப்ரொஃபைலில் ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சுட்டும் ஆயிரம் போர்ட்டும் மாறிவிடும். மறுபக்கமும் உண்டு. மாற்றியவுடன் ஆயிரம் மோடமும் ஒரே சமயத்தில் விழுந்து எழுந்திருக்கும். அதனால்தான் இந்த வேலையை எப்போதும் ராத்திரி இரண்டு மணிக்கு வைத்துக்கொள்வோம்.

எரிச்சலூட்டிய விஷயமும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கம்பெனியின் டிஸ்லாம் போர்ட்டுகளை 1-லிருந்து எண்ணும். இன்னொரு கம்பெனி 0-விலிருந்து எண்ணும். எம்.டி.எஃப். ஆட்களோ எப்போதும் 1-லிருந்துதான் எண்ணுவார்கள். பூஜ்யத்தில் ஆரம்பித்து எண்ணச் சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். நியாயம்தானே! ஸிஸ்டத்தில் இதைச் சரியாகப் பொருத்தாவிட்டால் உங்கள் இன்டர்நெட் பக்கத்து போர்ட்டுக்காரருக்குப் போகும். அவருக்குப் போக வேண்டியது அதற்கடுத்தவருக்கு. கடைசி ஆளுக்கு ஒன்றும் இருக்காது, அவர்தான் முதலில் புகார் கொடுப்பார்.

இன்னொன்று ஃபால்அவுட். ஆறு இடத்தில் எழுத வேண்டிய ஸிஸ்டம் நாலாவது இடத்தில் நின்றுவிட்டால், முதல் மூன்றையும் அழித்துவிட்டுத் திரும்ப வேண்டும். அழிக்காமல் விட்டால் அந்த போர்ட் ஸிஸ்டத்தில் 'உபயோகத்தில்' என்று கிடக்கும். உண்மையில் யாருக்கும் இல்லை. இப்படிச் செத்த போர்ட்டுகள் சேர்ந்து சேர்ந்து, பாதிப் பெட்டி காலியாக இருக்கும்போதே "இடமில்லை" என்று ஸிஸ்டம் கையை விரிக்கும். கவுன்ட்டரில் இருப்பவர் ஸிஸ்டம் சொன்னதை அப்படியே சொல்வார்: "உங்க ஏரியாவுக்கு ஃபீஸிபிலிட்டி இல்லைங்க." விண்ணப்பித்தவர் வேறு வழியில்லாமல் போய்விடுவார். இந்த ஒரு வாக்கியத்தால் எத்தனை வீடுகளுக்கு இணைப்பு கிடைக்காமல் போயிற்று என்று எந்த அறிக்கையிலும் வராது.

இந்தக் கணக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை உலகம் முதலில் பார்த்தது அமெரிக்காவில். 1996-ல் அங்கே புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. பழைய டெலிபோன் கம்பெனி தன் தாமிர ஜோடிகளைப் போட்டிக் கம்பெனிகளுக்கு வாடகைக்கு விட வேண்டும் என்று விதி. கோவாட், நார்த்பாயின்ட், ரிதம்ஸ் என்று மூன்று புதிய கம்பெனிகள் கிளம்பின. பழைய கம்பெனியின் எக்ஸ்சேஞ்சுக்குள்ளேயே ஒரு மூலையை வாடகைக்கு எடுத்துத் தங்கள் டிஸ்லாமை வைத்தார்கள். வாடிக்கையாளரை நேரடியாகப் பிடித்ததைவிட, சின்னச் சின்ன இன்டர்நெட் கம்பெனிகள் மூலமாகப் பிடித்ததே அதிகம். ஆகவே ஒரு ஜோடிக் கம்பிக்கு மூன்று எஜமானர்கள், மூன்று கணக்கேடுகள். இன்டர்நெட் கம்பெனி ஆர்டரை டி.எஸ்.எல். கம்பெனிக்கு அனுப்பும், அது பழைய கம்பெனிக்கு அனுப்பும், பழைய கம்பெனி ஆள் அனுப்பி ஜம்பர் போடும். எங்கேயோ ஓர் எழுத்து மாறினால் ஆர்டர் திரும்பி வரும். வாடிக்கையாளர் லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

அதற்கு மேல் கம்பியின் உடல்நிலை வேறு. 18,000 அடிக்கு, அதாவது ஐந்தரை கிலோமீட்டருக்கு, மேல் நீளமான லைன்களில் பேச்சு தெளிவாகக் கேட்பதற்காக வழியில் லோடிங் காயில் வைப்பது பெல் காலத்து வழக்கம். பேச்சுக்கு அமிர்தம், டி.எஸ்.எல்.-க்கு விஷம், 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே எதையும் அது விடாது. எந்த ஜோடியில் காயில் இருக்கிறது, எதில் உபயோகமில்லாத பழைய கிளைக் கம்பி தொங்குகிறது என்பது எல்.எஃபாக்ஸ் போன்ற ஏடுகளில் முழுசாக இல்லை. பேச்சுக்காக எழுதிய கணக்கில் அது ஏன் இருக்கப் போகிறது? பழைய காகித வரைபடங்களைத் தேட வேண்டியிருந்தது. கம்பியின் விவரங்களை போட்டியாளர்களுக்கும் காட்ட வேண்டும் என்று அமெரிக்க ஆணையமே 1999-ல் உத்தரவு போட வேண்டி வந்தது.

முடிவு எல்லாருக்கும் தெரிந்ததுதான். நார்த்பாயின்ட் 2001 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. மார்ச் கடைசியில் நெட்வொர்க்கையே நிறுத்தியது. ஏறத்தாழ 1 லட்சம் இணைப்புகள். சாதனங்களை ஏ.டி. அண்ட் டி. வாங்கிக்கொண்டது, வாடிக்கையாளர்களை வாங்கவில்லை. அந்த வாடிக்கையாளர்களை வேறு கம்பெனி ஏன் ஒரே ராத்திரியில் எடுத்துக்கொள்ளவில்லை என்று என் மகள் ஒரு தடவை கேட்டாள். எடுக்க முடியாதம்மா, ஒவ்வொருவருக்கும் ஜம்பரைக் கழற்றி இன்னொருவருடைய டிஸ்லாமில் போட வேண்டும், அதற்கு மறுபடியும் முதலிலிருந்து ஆர்டர், அதே மூன்று கணக்கேடு என்றேன். அதே வருஷம் ஆகஸ்டில் ரிதம்ஸும் கோவாடும் திவால். கோவாட் மட்டும் டிசம்பரில் எழுந்து வந்தது. மூன்றும் விழுந்ததற்குக் காரணம் கடன்தான், டாட்காம் சரிவுதான் என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள். வாஸ்தவம். ஆனால் கடன் வாங்கிய பணத்தில் வைத்த டிஸ்லாம் போர்ட், ஆர்டர் சிக்கலில் மாசக்கணக்காகச் சும்மா கிடந்தால் கடன் எப்படி அடையும்? இது என் கட்சி.

நம் நாட்டுக்கு வருவோம். ஐ.ஐ.டி. மெட்ராஸின் டெநெட் குழு 1990களின் கடைசியிலேயே பேச்சையும் இன்டர்நெட்டையும் ஒரே தாமிர ஜோடியில் கொண்டுபோகும் டயாஸ் என்ற அமைப்பை உருவாக்கிவிட்டது. அந்த வகையில் நாம் ரொம்பப் பின்தங்கிவிடவில்லை. அரசு 2004 அக்டோபரில் பிராட்பேண்ட் கொள்கையை வெளியிட்டது. எப்போதும் இணைந்திருக்க வேண்டும், குறைந்தது 256 கிலோபிட் வேகம், அதுதான் பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. தாமிரத்தைப் போட்டியாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று டிராய் சிபாரிசு செய்திருந்தும், கொள்கை அதை ஏற்கவில்லை. போட்டி வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு அது ஏமாற்றம். ஆனால் கணக்குப்பிள்ளையின் கண்ணால் பார்த்தால், மூன்று எஜமானர் தொல்லை நமக்கு இல்லாமல் போயிற்று. கம்பியும் டிஸ்லாமும் பிராஸும் பில்லும் ஒரே கையில்.

பி.எஸ்.என்.எல். 2005 ஜனவரியில் டேட்டாஒன் சேவையை ஆரம்பித்தது. அதற்கான மூலத்திட்டத்தில் டிஸ்லாம், பிராஸ் எல்லாம் ஒரு பகுதி. ப்ரொவிஷனிங், பில்லிங், வாடிக்கையாளர் சேவை இதெல்லாம் தனியாக இன்னொரு பகுதி என்று பிரித்தே வைத்திருந்தார்கள். அதைப் போட்டவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். 2007 ஆரம்பத்தில் 256 கிலோபிட் 2 மெகாபிட் ஆனது. கொள்கையின் இலக்கு 2010-க்குள் 2 கோடி பிராட்பேண்ட் இணைப்புகள். அந்த வருஷக் கடைசியில் ஏறக்குறைய பாதியைத்தான் தொட்டோம். காரணங்கள் பல. கேபிள் தண்ணீரில் ஊறியது, கம்ப்யூட்டர் விலை, மொபைல் வளர்ச்சி. கணக்கும் ஒரு காரணம் என்று அடித்துச் சொல்ல என்னிடம் புள்ளிவிவரம் கிடையாது. கணக்கு எப்படிக் கெடும் என்பதை வேறு ஒரு நாட்டில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதைச் சொல்கிறேன்.

வளைகுடா நாடு ஒன்று, ஒரு டெலிபோன் கம்பெனி, பெயர் வேண்டாம். எங்கள் ஸிஸ்டத்தைப் புதிதாக நிறுவும் வேலை. நிறுவுவது என்றால் முதலில் பழைய பதிவுகளை ஏற்ற வேண்டும். அவர்களிடம் மூன்று இடத்தில் மூன்று விதமான பதிவு இருந்தது, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. மேலிடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, "இதுதான் உண்மை, இதை ஏற்றுங்கள்" என்று உத்தரவு போட்டார்கள். அங்கே எம்.டி.எஃப்.-இல் வேலை பார்த்தவர் தென்காசிப் பக்கத்துக்காரர். வந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. அவரிடம் நீள நோட்டு ஒன்று உண்டு. எந்த ஜோடி எந்த போர்ட்டில் நிற்கிறது என்று அன்றன்றைக்குப் பென்சிலால் எழுதி வைப்பார். மாற்றினால் ரப்பர் வைத்து அழித்துவிட்டு எழுதுவார். புது ஸிஸ்டம் வந்ததும் இந்த மாதிரி தனி நோட்டு யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது.

முதல் வாரம் சீட்டுகள் அச்சாகி வந்தன. அவர் ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, உங்க ஸிஸ்டம் சொல்லுற போர்ட்டு காலி இல்ல. அதுல ஒரு ஆளு ஓடிக்கிட்டு இருக்காரு."

"அண்ணாச்சி, ஸிஸ்டத்தில் காலி என்றுதான் இருக்கிறது."

"ஸிஸ்டத்துல இருக்கும். இங்கன கம்பி கெடக்கு, வந்து பாருங்க. சீட்டுல போட்டிருக்குன்னு நான் புடுங்கிருவேன், எனக்கென்ன? அப்புறம் அந்த ஆளுக்கு லைன் செத்துப்போச்சுன்னா என்னையக் கேக்கக் கூடாது, பாத்துக்கிடுங்க."

போய்ப் பார்த்தேன். கம்பி கிடந்தது. அந்த லைன் ஒரு சின்ன ஆஸ்பத்திரியுடையது. அவர் சீட்டை நிறுத்தி வைத்தார். வேறு எக்ஸ்சேஞ்சுகளில் அப்படி நிறுத்தி வைக்க ஆள் இல்லை. சீட்டில் போட்டபடி கழற்றினார்கள். அந்த மாதம் வந்த புகார்களைப் பார்த்து மேலிடமே ஆடிப்போய்விட்டது. ஸிஸ்டம் சரியில்லை என்று எங்களைத் திட்டினார்கள். பதிவு சரியில்லை என்று நாங்கள் சொன்னோம். நடுவில் லைன் போனவர்கள் பாவம், யாரிடம் போய்ச் சொல்வார்கள்?

பிறகு ஒரு நல்ல வழி கிடைத்தது. அதுதான் இந்தச் சரித்திரத்தில் உண்மையான திருப்பம் என்பது என் அபிப்பிராயம். 2006-ல் டி.எஸ்.எல். ஃபோரம், டி.ஆர். 101 என்று ஓர் ஆவணம் வெளியிட்டது. ஏ.டி.எம்.-ஐ விட்டுவிட்டு ஈதர்நெட்டுக்கு மாறுவது எப்படி என்பதற்காக எழுதியது. அதில் ஓர் ஏற்பாடு: வீட்டு மோடம் இணைப்புக் கேட்கும்போது டிஸ்லாம் அதை அப்படியே அனுப்பாமல், 'இது என்னுடைய இந்த ஷெல்ஃப், இந்தக் கார்டு, இந்த போர்ட்டிலிருந்து வருகிறது' என்று ஒரு முத்திரை குத்தி மேலே அனுப்பும். பிராஸ் அதை ரேடியஸுக்குக் கொடுக்கும். ஒருவருடைய பெயரையும் பாஸ்வேர்டையும் திருடி வேறு லைனில் உபயோகிப்பதைத் தடுக்க இது உதவியது. நம் நாட்டிலும் அந்தத் திருட்டு நிறைய நடந்தது. எல்லாருக்கும் ஒரே ஆரம்ப பாஸ்வேர்டு, மாற்றியவர்கள் கொஞ்சம் பேர், டேட்டா அளவுக்கு மேல் போனால் பில் எகிறும் காலம். போர்ட் பைண்டிங் என்று அந்த முத்திரையை வைத்துத்தான் பூட்டுப் போட்டார்கள்.

எங்களுக்கு அது வேறு விதத்தில் பயன்பட்டது. ஒவ்வொரு நாளும் யார் எந்த போர்ட்டிலிருந்து உள்ளே வந்தார் என்று நெட்வொர்க்கே சொல்ல ஆரம்பித்துவிட்டது அல்லவா? அதை எடுத்து எங்கள் பதிவோடு ஒப்பிட்டோம். காகிதத்திலிருந்து கம்பிக்குப் போன கணக்கு முதல் தடவையாகக் கம்பியிலிருந்து காகிதத்துக்கு வந்தது. செத்த போர்ட்டுகள் உயிர் பெற்றன. "இடமில்லை" என்று திருப்பி அனுப்பப்பட்ட தெருக்களில் இடம் இருந்தது தெரிந்தது. ஸிஸ்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உண்மை என்ற கட்சி அன்றோடு கொஞ்சம் அடங்கியது.

ஆனால் முழு உண்மை நெட்வொர்க்கிடமும் இல்லை. டிஸ்லாமுக்குத் தன் போர்ட் தெரியும். அதற்கு வெளியே ஜம்பர், கேபிள், பில்லர், டி.பி., வீடு, இதில் எதிலும் மின்சாரம் கேட்டால் பதில் சொல்லும் மூளை கிடையாது. இணைப்பு இருக்கிற லைன் தன் பயனர் பெயரை வைத்து அடையாளம் காட்டிக்கொள்ளும். காலியாக இருக்கும் ஜோடி எது, அது நல்லதா, நடுவில் அறுந்திருக்கிறதா என்பது அண்ணாச்சியின் நோட்டில்தான் இருந்தது. கடைசியில் மேலிடமே ஆள் அனுப்பி அந்த நோட்டைக் கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாக ஸிஸ்டத்தில் ஏற்றினார்கள். அவர் கொடுக்கும்போது, "நோட்டு வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்.

இந்தியாவில் இதே மாதிரி அறிவு பெரும்பாலும் லைன்மேன், ஜாயின்டர், எம்.டி.எஃப். ஊழியர்களின் தலைக்குள்தான் இருந்தது. பில்லர் கதவைத் திறந்ததும் எந்த ஜோடி எந்த வீட்டுக்கு என்று விரல் தானாகப் போகும் மனிதர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பி.எஸ்.என்.எல்.-இன் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் சுமார் 78 ஆயிரம் பேர் வெளியே போனார்கள். சம்பளச் செலவு எவ்வளவு மிச்சம் என்று பத்திரிகைகளில் கணக்கு வந்தது. அவர்களோடு போன அந்த இன்னொரு கணக்கைப் பற்றி நான் படித்த எதிலும் ஒரு வரி இல்லை.

தாமிரமே இப்போது விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. ஏ.டி. அண்ட் டி. 2020 அக்டோபரோடு புது டி.எஸ்.எல். ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிட்டது. மற்ற இடங்களிலும் ஃபைபர்தான். பெட்டியின் பெயர் ஓ.எல்.டி., வீட்டில் இருப்பது ஓ.என்.டி.; ப்ரொஃபைல் இருக்கிறது, போர்ட் இருக்கிறது, ரேடியஸ் இருக்கிறது. எண்ணை 0-விலிருந்து ஆரம்பிப்பவர்களும் இருக்கிறார்கள். ஓ.என்.டி. தன் சீரியல் நம்பரைத் தானே சொல்லிவிடுவதால் பாதித் தொல்லை தீர்ந்தது. மீதிப் பாதி தெருமுனைக் கம்பத்தில் இருக்கிறது. ஒரு ஃபைபரை எட்டாகவோ பதினாறாகவோ பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் அது; மின்சாரமும் கிடையாது, மூளையும் கிடையாது. எந்தக் கிளை எந்த வீட்டுக்குப் போகிறது என்று அதைக் கேட்க முடியாது.

சென்ற வருஷம் எங்கள் தெருவில் இணைப்புக் கொடுக்க வந்த பையனிடம் அதை எங்கே எழுதி வைப்பீர்கள் என்று கேட்டேன். பெட்டியைத் திறந்து செல்போனில் ஒரு படம் எடுத்தான். "வாட்ஸ்அப் குரூப்ல போட்ருவோம் சார்." போன வருஷத்துப் படம் வேண்டுமென்றால்? "அதுவும் குரூப்லதான் இருக்கும் சார், மேல போய்ப் பாக்கணும்."